சோதனை மாடு

கிழவி கழுத்தை மின்வேலிக் கம்பியின்மேல் சாய்த்துக்கொண்டு நின்றது.

அவன் கையிலிருந்த கயிறு நழுவிக் கீழே விழுந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்த மனைவி அவன் முதுகில் இடித்து நின்றாள். கிழவி என்று அவர்கள் கூப்பிட்ட அந்தக் கிழட்டுப் பசுவைப் புதைக்கத்தான் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். காலையில் சோளம் போட்ட இதே நிலப்பட்டையில், இதே வேலியோரம், அது கால்களை உதைத்துக்கொண்டு செத்துப்போனதை அவன் தன் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தான். இப்போது அது நிற்கிறது. கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாகக் கம்பத்தடியில் பேட்டரிப் பெட்டி 'டக்... டக்...' என்று அடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு 'டக்'குக்கும் ஓர் அதிர்ச்சி. மேலே பட்டால் காளையே துள்ளிக்கொண்டு ஓடும். கிழவிக்குத் தோல்கூடச் சிலிர்க்கவில்லை.

"செத்துப்போச்சுன்னீங்க?" என்றாள் மனைவி.

"செத்துத்தான் போச்சு."

"அப்ப இது யாரு, அதோட அக்காவா?"

அவள் மண்வெட்டியை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவனுக்கும் சிரிக்கவேண்டும்போல இருந்தது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. "கம்பியில சாஞ்சிருக்கு பாரு, அடிக்கவே இல்ல அதுக்கு," என்றான். "பேட்டரி செத்திருக்கும்," என்றாள் அவள். அவன் ஒரு விரலை நீட்டிக் கம்பியைத் தொட்டான். தோள்பட்டைவரை சுளீர் என்று இழுத்தது. அவன் குதித்த குதியைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள்.

அவனுக்கு ஊரில் 'பதட்டம்' என்று பேர். போன குளிர்காலத்தில் வெயிலில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிய மாட்டைச் செத்துவிட்டதென்று நினைத்து, அவசர அவசரமாக மாட்டு டாக்டரை வரவழைத்தான். டாக்டர் பையைத் திறப்பதற்குள் மாடு எழுந்து, சோம்பல் முறித்து, அவர் செருப்பின்மேலேயே மூத்திரம் போய்விட்டு நடந்தது. அன்றிலிருந்து "இதோ பதட்டம் வர்றாரு, யாரும் கண்ணை மூடிடாதீங்க" என்பதுதான் டீக்கடையில் அவனுக்கு வரவேற்பு. பட்டப்பேர் வைப்பதில் மனிதர்களுக்கு இருக்கும் சுறுசுறுப்பு வேறு எதிலாவது இருந்திருந்தால் உலகம் எங்கேயோ போயிருக்கும். அதனால் இப்போதும் அவன் தன் கண்ணையே சந்தேகப்பட்டான்.

அவர்கள் மாடு வளர்ப்பது சோளத்தை நம்பி. கதிருக்காக அல்ல, தட்டைக்காக. வீட்டுக்குப் பின்னால் சாலைக்கு அப்பால் சரிவாகக் கிடக்கும் நிலத்தை நான்கு பட்டைகளாகப் பிரித்து நான்கு விதச் சோளம் போட்டிருந்தார்கள். முதல் பட்டையில் சூடான் புல், அதுவும் சோளத்தின் சாதிதான்: விரல் பருமன்கூட இல்லாத தண்டு, வெட்ட வெட்டத் தழைக்கும், மாட்டுக்கு ஒரு குறையும் வைக்காது. அடுத்ததில் இனிப்புத் தண்டுச் சோளம்: ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், கடித்தால் சாறு ஒழுகும், மாடுகள் அதை மென்று நிற்கும்போது கடைவாயில் நுரை தொங்கும். அதற்கு அடுத்ததில் கதிர்ச் சோளம்: கதிரை அறுத்துக்கொண்டு தட்டையைக் காயப்போட்டுப் போர் வைத்துவிட்டால் கோடைக்கு ஆகும். கடைசிப் பட்டையில் இந்த வருஷம்தான் புதிதாக ஒன்று. இலையின் நடுநரம்பு பச்சையாக இல்லாமல் பழுப்பாக ஓடும் சோளம். "இதைத் தின்ன மாடு ஒரு சொம்பு கூடக் கறக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று விதைக்கடைக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்தது.

மழை ஏமாற்றிவிட்டது. முதல் மூன்று பட்டைகளையும் மாடுகள் கட்டையோடு மேய்ந்து தீர்த்தன. போரில் அடிக்கட்டு மிஞ்சியது. அதுவும் நேற்றோடு போயிற்று. கடைசிப் பட்டை மட்டும் முழங்கால் உயரத்தில் குன்றிப்போய், கருகி, அவ்வளவுதான் என்று இவர்கள் கைவிட்டிருந்த நேரத்தில் வந்த ஒரே ஒரு மழைக்கு அடியிலிருந்து குருத்துவிட்டது. கரும்பச்சையாக, எண்ணெய் தடவினாற்போல. அந்தக் குருத்தைப் பார்த்து மாடுகளுக்கு எச்சில் ஊறியது. அவன் வேலியை இறுக்கிக் கட்டினான். ஏனென்றால் சோளத்தில் மாட்டைக் கொல்வது அந்தக் குருத்துதான். வாடிக் கிடந்து திடீரென்று தழைக்கும்போது அதில் ஒரு விஷம் ஊறும். அது உள்ளே போய்விட்டால் மாடு மூச்சு இழுக்கும், இழுத்த மூச்சு உடம்பில் சேராது. இரத்தம் மட்டும் செக்கச்செவேல் என்று ஆரோக்கியமாக இருக்கும். அதற்குள் மாடு விழுந்திருக்கும்.

அதற்காகத்தான் சோதனை மாடு. பயிர்மேல் சந்தேகம் வந்தால், மந்தையிலேயே வயதான, பால் வற்றிய மாட்டுக்குக் கொஞ்சம் காய்ந்த தட்டையைப் போட்டுவிட்டுத் தனியாக உள்ளே விடுவது. வேலியோரம் உட்கார்ந்து பார்ப்பது. உச்சி வெயில் வரும்வரை அது நின்றால் மந்தை போகலாம். விழுந்தால் ஒரு மாட்டோடு போயிற்று. இந்த விதியைப் போட்டவனே அவன்தான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர்கள்தான் எப்போதும் விதி போடுகிறார்கள்.

காலையில் கிழவியை உள்ளே விட்டது அவனுக்குப் பிடிக்கவே இல்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய முதல் கன்று அது. அது ஆசை ஆசையாகத் தின்றது. நாக்கைச் சுழற்றிக் குருத்தை வளைத்து இழுக்கும் 'சரக், சரக்' சத்தம் வேலிவரை கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. கிழவி தலையைத் தூக்கி, யாரோ கூப்பிட்டதைப்போல ஒரு பக்கம் பார்த்தது. வாயிலிருந்து எச்சில் கயிறாக இறங்கியது. முன்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு, தொப்பென்று விழுந்து, கொஞ்ச நேரம் படுத்தபடியே ஓடியது. அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் அடங்கிவிட்டிருந்தது. ஈறு ரத்தச் சிவப்பாக இருந்தது. திறந்து கிடந்த கண்ணின் கருவிழியை விரலால் தொட்டான், இமை அசையவில்லை. காதை மூக்கருகே வைத்தான், ஒன்றுமில்லை. பழக்கொட்டையை உடைத்தால் வருமே ஒரு கசப்பு வாசனை, அது மட்டும் வந்தது. அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்துத்தான் மனைவியைக் கூப்பிட வீட்டுக்குப் போனான்.

இதையெல்லாம் அவன் இப்போது மறுபடி ஒருமுறை சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே போய், இப்போது கம்பியை விட்டு நகர்ந்திருந்த கிழவியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மயக்கம் போட்டிருக்கும். நீங்க அழுத அழுகையில பயந்து எழுந்திரிச்சிருக்கும்."

"கண்ணைத் தொட்டேம்மா. இமைக்கவே இல்ல."

"உங்க கை நாத்தத்துக்கு யாருமே இமைக்கமாட்டாங்க."

அவன் டாக்டருக்குப் போன் போட்டான். அவர் எங்கேயோ தொலைவில் ஒரு பிரசவத்தில் இருந்தார். பின்னால் ஒரு மாடு முனகுவது கேட்டது. குருத்தா, முழங்கால் உயரத்துக்குக் கீழேயா என்று கேட்டார். ஆமாம் என்றதும், மந்தையை விடவேண்டாம், நாளைக்குக் காலையில் வருகிறேன் என்றார். அவன் மென்று விழுங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"பாருங்க, செத்த மாடு எழுந்திருக்காது. எழுந்திரிச்சிருச்சுன்னா அது சாகலைன்னு அர்த்தம். இதுக்கு நான் காலேஜுல படிச்சிருக்கவே வேண்டாம்."

மனைவி வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அவன் வேலியோரமே உட்கார்ந்தான். தன் விதிப்படி உட்கார்ந்து பார்ப்பதுதான் தன் வேலை என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் கிழவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வெயில் சோளத்தோகைகளின்மேல் வெள்ளையாக விழுந்து, காற்றே இல்லாத அந்த மதியத்தில் ஈரமண் ஆவியும் குருத்தின் பச்சை வாசனையும் அதற்கடியில் அந்தக் கொட்டைக் கசப்பும் கலந்து அவன் தொண்டையில் படிந்தன. சாலையில் எப்போதாவது ஒரு வண்டி போய், அதன் சத்தம் தேய்ந்து, மறுபடி பேட்டரிப் பெட்டியின் 'டக்' மட்டும் மிஞ்சியது. கிழவி தின்றது. தின்று கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி தின்றது. நெடுநேரம் பார்த்த பிறகுதான் என்ன குறைகிறது என்று அவனுக்குப் பிடிபட்டது. அது அசைபோடவில்லை. வயிறு நிறையத் தின்ற மாடு நின்று, கண்ணைப் பாதி மூடி, தின்றதை மேலே கொண்டுவந்து நிதானமாக மெல்லும். அது மாட்டின் மூச்சு மாதிரி. கிழவி தின்றதெல்லாம் உள்ளே போய் அங்கேயே நின்றது. சாணி போடவில்லை. காது ஆடவில்லை. வாலும் ஆடவில்லை, ஆடவேண்டிய அவசியமும் இல்லை. அதன்மேல் ஓர் ஈகூட உட்காரவில்லை.

அவன் எழுந்து அருகே போனான். விலாவைப் பார்த்தான். ஏறி இறங்குமே, அது இறங்கவில்லை. ஏறவும் இல்லை. கையை மூக்கருகே நீட்டினான். காய்ப்பேறிய கை, அதனால்தான் எதுவும் தெரியவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தான். அப்போது கிழவி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. கண்ணில் தூசி படிந்திருந்தது. துடைக்காத கண்ணாடி மாதிரி, கருவிழியின்மேலேயே தூசி.

அவன் வீட்டுக்கு ஓடினான்.

பின்னாலேயே கிழவியும் வந்தது. அவன் வேலியைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று மனைவி திட்டினாள். கொட்டகையில் எட்டு மாடுகளும் மாதம் நிறைந்த ஒரு சினைக் கிடாரியும் கட்டியிருந்தன. கிழவி வாசல் நிழலுக்கு வந்ததும் அவை அத்தனையும் ஒரே சமயத்தில் எழுந்து, கயிறு இறுகும்வரை பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தன. மாடு பசிக்குக் கத்துவது ஒரு விதம்; இழுவையாக, கேட்கிற மாதிரி இருக்கும். இது வேறு. கன்றைப் பிடித்துக்கொண்டு போகும்போது கத்துமே, அது.

"பாருங்க, பசி," என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்தது. "முந்தாநாள்லேர்ந்து அரை வயிறு. கிடாரி இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போடப்போகுது, அது வயித்துல ஒண்ணுமில்ல. எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குதுங்க, தெரியுமா உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியும். இரண்டு நாளாக அவள் தட்டில் போட்டதை அப்படியே கொண்டுபோய்க் கிடாரிக்கு வைத்ததை அவன் பார்த்திருந்தான். அவளுக்குக் கிழவி உயிரோடு நின்றாகவேண்டும். அது நின்றால் பட்டை நல்ல பட்டை. பட்டை நல்லதென்றால் மாடுகள் பிழைத்தன. அவன் கண்ணால் பார்த்தது, தொட்டது, எதுவும் அந்தக் கணக்குக்குள் நுழைய வழியே இல்லை.

அப்போதுதான் அவள் கிழவியின் மடியைக் கவனித்தாள். வற்றிப் பையாகத் தொங்கிக்கொண்டிருந்த மடி விம்மிப் பளபளவென்று இருந்தது. காம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"விதைக்கடைக்காரர் பொய் சொல்லலீங்க!" என்று அவள் கத்தினாள். வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து, நெற்றியைக் கிழவியின் தொடையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்து, பீச்சினாள். நல்ல வெள்ளைப் பால், நுரையே இல்லாமல், தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தோடு வாளியில் விழுந்தது. அவன் வாளியின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். கறந்த பால் கையைச் சுடவேண்டும். இது கிணற்றுத் தண்ணீர்போல இருந்தது.

"சில்லுன்னு இருக்கு."

"இப்பத்தானே கழுவினேன்."

"பால் சில்லுன்னு இருக்கும்மா."

"ஐயோ, கடவுளே," என்று அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் பின்னாலேயே போய் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினான். கொட்டிவிடு, நாளைக்கு டாக்டர் வரட்டும், ஒரே ஒரு நாள். அவள் டீ போட்டாள். அவனுக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். சமையலறை முழுக்க அந்தக் கொட்டைக் கசப்பு வீசியது. அவன் தன் டம்ளரைத் தொடவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டு, வீம்புக்கு, தன்னுடையதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"செத்துட்டேனா?"

அவன் அவளுக்கு ஏதாவது ஆகுமா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றும் ஆகவில்லை. வெட்கமாக இருந்தது அவனுக்கு. கொஞ்ச நேரம் கழித்துத் தலை ஒரு மாதிரி கிறுகிறுக்கிறது, ரெண்டு நாளாச் சாப்பிடாதது, சற்றுப் படுக்கிறேன் என்று அவள் உள்ளறைக்குப் போனாள். கொட்டகையில் ஏதோ முறியும் சத்தம் கேட்டு அவன் வெளியே ஓடினான். கிடாரி கட்டுத்தறியையே பிடுங்கிக்கொண்டு மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. அதைத் தடவிக்கொடுத்து, வேறு கம்பத்தில் கட்டி, தீவனத் தொட்டியைத் துழாவி அடியில் கிடந்த தூசித் தும்புகளை அள்ளிப்போட்டான். கிழவி வாசலிலேயே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகவே வந்து வீட்டுக்குள் நுழைந்தான்.

அவள் எழுந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. கல்யாணப் படத்தில் இருக்கிறாளே, அந்தச் சிவப்பு. கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் மெதுவாகப் பேசினான்.

"நான் சொல்றதைக் கேளு. கோழிப்பண்ணைக்காரர் கொட்டகைக் கூரைமேல வெயிலுக்குக் காஞ்ச சோளத்தட்டை பரப்பி வெச்சிருக்காரு. போய்க் காலில விழுந்தாவது ஒரு வண்டி கேட்டு வாங்கிட்டு வர்றேன். ராத்திரிக்கு ஆகும். காலையில டாக்டர் வந்துடுவாரு. அதுவரைக்கும் கம்பியை அவிழ்த்து மாடுகளை உள்ளே விட்டுடாதே."

"சரிங்க," என்றாள்.

"கிழவியைப் பத்தி நான் சொன்னது..."

"சரிங்க."

அடுப்பில் பால் பொங்கி வழியப் பார்த்தது. அவள் பாத்திரத்தைத் தூக்கிக் கீழே வைத்தாள். அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தாலி கட்டிய நாளிலிருந்து அவன் சொன்ன எதற்கும் அவள் முதல் வார்த்தையிலேயே ஒத்துக்கொண்டது கிடையாது. ஒருவழியாகத் தன் பேச்சுக்கும் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தபடி, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு சாலையில் இறங்கினான்.

கோழிப்பண்ணைக்காரர் நல்ல மனுஷன். "வா பதட்டம், இன்னிக்கு யாரு செத்தா?" என்றுதான் ஆரம்பித்தார். மாடு பட்டினி என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். தானே ஏணியைச் சாத்தி, கூரைமேல் ஏறி, வரப்போகிற மழைக்காலம் எல்லாவற்றையும் எப்படியும் கெடுத்துவிடும், எடுத்துக்கோ என்று கட்டுக்கட்டாகத் தள்ளினார். காய்ந்து, வெயிலில் வெளுத்து, முறித்தால் 'படக்' என்று ஒடிகிற தட்டை. விஷம் கிஷம் எதுவும் மிச்சமிருக்க வழியில்லாத தட்டை. நாளைக்கும் வந்து அள்ளிக்கோ என்றார். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாடுகளைக் காப்பாற்றிவிட்டான். வண்டி கொள்ளாமல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, பாட்டுப் பாடாத குறையாகத் தள்ளிக்கொண்டு திரும்பினான்.

பாதி வழியில்தான் அது அவனுக்கு உறைத்தது.

பொங்கிக்கொண்டிருந்த பால். அடுப்பிலிருந்து நேராக. அவள் அதைத் துணி பிடித்துத் தூக்கவில்லை. வெறும் கையால் தூக்கினாள். இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து, ஒரு பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

வண்டியின் வேகம் தானாகக் கூடியது. சக்கரம் கீச்சிட்டது. மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. சாலையின் இரு பக்கமும் மொட்டையடித்த சோளக்கட்டைகள். வழக்கமாக இந்த வளைவிலேயே மாடுகள் கத்துவது கேட்கும். இன்று கேட்கவில்லை. அவன் நின்று காதைக் கொடுத்தான். காற்று இல்லை. நாய் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் என்று நினைத்தான். என்னத்தைச் சாப்பிட்டு?

கொட்டகை காலியாக இருந்தது. கயிறுகள் ஒவ்வொன்றும் அவிழ்த்து, சுருட்டி, ஆணியில் மாட்டியிருந்தன. வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவளைக் கூப்பிட்டான். சமையலறையில் கொட்டைக் கசப்பு. உள்ளறையில் அவள் படுத்த பாயில் தலைமாட்டில் ஒரு திட்டு ஈரம், எச்சில் ஒழுகிய தடம். பாயின் கால்மாட்டில் கோரை பிய்ந்து கிடந்தது. குதிகால்கள் உதைத்து உதைத்து அராவிய மாதிரி. அவன் கிடாரியைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

அவன் வெளியே வந்தான். ஓடினான். ஏன் பட்டையை நோக்கி ஓடுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளை விட்டுவிட்டு வேறு எந்தப் பக்கம் ஓடுவது என்றும் தெரியவில்லை.

வேலிக் கம்பி அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பேட்டரிப் பெட்டி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. டக். டக். பட்டை முழுக்க மாடுகள் கிடந்தன. கால் நீட்டி. வயிறு உப்பி. மூக்கோரம் நுரை, அந்தி வெளிச்சத்திலும் தெரிகிற சிவப்பு. கிடாரி இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அதுவும் நின்றது. அவற்றின் நடுவே அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நின்றாள். பக்கத்தில் கிழவி.

"அம்மாடி," என்றான். அவளை அவன் ஆசையாகக் கூப்பிடுவது அப்படித்தான். "தட்டை கொண்டாந்துட்டேன். நிறையக் கொண்டாந்திருக்கேன். வந்துடு."

அவள் திரும்பவில்லை. தோள்பட்டையைப் பார்த்தான். அது ஏறவில்லை. இறங்கவில்லை.

ஒரு மாடு எழுந்தது. சத்தமில்லாமல். முனகல்கூட இல்லை. பிறகு இன்னொன்று. பிறகு கிடாரி, வயிற்றில் அசையாத சுமையோடு. எல்லாம் எழுந்தன. எதுவும் உடம்பை உதறவில்லை. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வந்து நின்றன, யாரோ நூல் பிடித்துக் கட்டிய மாதிரி. அவளும் வரிசைக்கு வந்தாள். அவனைப் பார்க்கத் திரும்பினாள். முகம் இன்னும் அந்தக் கல்யாணச் சிவப்பு. வாய் நிறையப் பச்சை.

அவனுக்கு ஓடவேண்டும். கால் வரவில்லை. பயத்தால் மட்டுமில்லை. இத்தனை வருஷம் எங்கே போனாலும் அவள் இருக்கும் இடத்துக்குத்தான் திரும்பி வந்திருக்கிறான். வேறு திசையே அந்தக் கால்களுக்குப் பழக்கமில்லை.

அவள் குனிந்தாள். கைகளை ஈரமண்ணில் ஊன்றினாள். வெந்து தோல் உரிந்த உள்ளங்கைகள். கூந்தல் முன்னால் சரிந்து குருத்துகளின்மேல் விழுந்தது. நாக்கைச் சுழற்றி இழுத்தாள்.

சரக்.

மாடுகளும் தலை தாழ்த்தின. சரக். சரக். ஒரே தாளத்தில். மெல்லும் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. ஓர் அடி முன்னால். மறுபடி சரக். இன்னும் ஓர் அடி. மேய்ந்தபடியே வரிசை அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவளுக்கும் கிழவிக்கும் நடுவே மட்டும், ஓர் ஆள் குனிந்து நிற்கிற அளவுக்கு, இடம் விட்டிருந்தது.